மேக்கே பிடியுங்க, மைனி

புதன்கிழமை மதியம் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது போனில் படகுக்காரரின் குரல் பதிவு வந்தது. "சேச்சி, ஞாயிற்றுக்கிழமை காலைல ஞங்ஙள் வரும். படகு எடுத்துட்டுப் போகணும், கேட்டோ." களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து, கேரளத்து ஆள். பேச்சில் பாதி அவர் ஊர், பாதி நம் ஊர். நான் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அதை மறுபடியும் போட்டுக் கேட்டேன். மாற்றமில்லை, ஞாயிற்றுக்கிழமைதான்.

அதற்குள் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. எங்கள் தோட்டில் உரல் என்று ஓர் இடம் உண்டு. அதில் ஒரு தடவையாவது படகில் உட்கார்ந்த நிலையிலேயே இறங்கிவிட வேண்டும். அதுவரை இறங்கிய ஒவ்வொரு தடவையும் படகு தனியாகவும் நான் தனியாகவும்தான் கீழே போய்ச் சேர்ந்திருந்தோம்.

தோடு என்றதும் காதில் போடுவது என்று நினைத்துவிட வேண்டாம். திருவட்டாற்றுக்கு வடக்கே எங்கள் பக்கத்தில், ஆறு என்று சொல்கிற அளவுக்கு வளராத தண்ணீருக்கெல்லாம் தோடு என்றுதான் பெயர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அது மலையிலிருந்து பரளியாற்றுக்கு இறங்குகிறது. வெயில் காலத்தில் பாறைகளுக்கு அடியில் ஒளிந்து கிடக்கும். மழை பிடித்துவிட்டால் அதன் பக்கத்தில் நின்று பேச முடியாது, கத்தத்தான் வேண்டும்.

போன மழைக்காலத்தில் நாலைந்து ஆண்கள் ஜீப்பில் வந்து அந்தத் தோட்டைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். ஜீப்பின் கூரையில் குட்டையும் தடியுமாகப் பிளாஸ்டிக் படகுகள். கயாக் என்றார்கள். ஒரே ஆள் இடுப்புவரை உள்ளே நுழைந்து உட்கார வேண்டும். துடுப்புக்கு இரண்டு முனையிலும் மட்டை. இரண்டு நாள் இறங்கி விளையாடினார்கள். மூன்றாம் நாள் ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் அவருடைய படகையும் சாமான்களையும், எங்கள் வீட்டில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற புரையில் வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். "வேணுமெங்கில் சேச்சியும் படிச்சோ," என்று சிரித்தார் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் போலிருந்தவர். அவரைத்தான் படகுக்காரர் என்கிறேன். வேண்டுமானால் நானும் பழகிக்கொள்ளலாம் என்று மரியாதைக்காகச் சொன்ன வார்த்தை. நான் அதை அப்படியே நம்பி எடுத்துக்கொண்டேன்.

எனக்கு நீச்சல் தெரியும். எங்கள் பக்கத்துப் பெண்கள் கடவில், அதாவது தோட்டுப் படித்துறையில், குளித்து வளர்ந்தவர்கள், தண்ணீருக்குப் பயப்பட மாட்டோம். படகு மட்டும்தான் புதுசு. போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் கவிழ்ந்து, தலைகீழாகத் தொங்கி, துடுப்பை ஒரு வீசு வீசிப் புரண்டு எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள். படகின் வாயை மூடுவதற்கு இடுப்பில் மாட்டுகிற ரப்பர் பாவாடை ஒன்று சாமான்களோடு இருந்தது, கிழிந்து. அதைப் பழைய டியூப் வைத்துத் தைத்தேன். பாவாடை என்று வந்துவிட்டால் அப்புறம் அது என் துறை.

வளைகுடாவில் லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் வீடியோ அழைப்பில் நான் படகுக்குள் இருப்பதைப் பார்த்துப் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு கேட்டார்: "ஓட்டுகது இருக்கட்டும். நீ அதுக்குள்ள எப்பிடி நுழைஞ்சே? அதச் சொல்லு மொதல்ல."

தோட்டுக்கு என்னோடு கூட வந்தவள் என் நாத்தனார், அவருடைய தங்கை. பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். முந்திரிப் பருப்பு உடைக்கிற அண்டி ஆபீசில் வேலை. அங்கே ஒரு மூலையிலிருந்து பேசினால் மறு மூலைக்குக் கேட்க வேண்டும். அதனால் அவளுக்கு வாய்த்த குரல் தோட்டுக்கென்றே செய்த குரல். கரையில் நின்று, கயிறு சுருட்டி வைத்த பையை, தண்ணீரில் விழுந்த என்னைப் பார்த்து எறிவது அவள் வேலை. முதல் மாதம் அந்தப் பை குறி தவறாமல் என் ஹெல்மெட்டில் வந்து விழுந்தது. "கையில கிட்டுகமாதிரி எறியக்கூடாதா?" என்று கேட்டால், "கையி தண்ணிக்குள்ள கெடக்கு. தலைதான் தெரியுது மைனி," என்பாள். மைனி என்றால் எங்கள் ஊரில் அண்ணி.

கடவில் துணி துவைக்கிற பெண்கள் எங்களைச் சும்மா விடவில்லை. எனக்கு அவர்கள் பேச்சு ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்கு வந்து நானே அவற்றைச் சொல்லிச் சிரிப்பேன். நான் புரண்டு எழப் பழகிக்கொண்டிருந்த நாட்களில் ஒருத்தி சொன்னாள்: "தலை மேல நின்னா படகு, தலை கீழ போனா மூடி." இன்னொருத்தி, "சீலையை அலசுகமாதிரி தன்னத்தானே அலசுகா பாரு. சோப்பு வேணுமா மக்கா?" என்று கட்டியையே நீட்டினாள். ரப்பர் வெட்டப் போகிற ஒருவர் தினமும் நின்று பார்ப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "தண்ணிக்கு உன்னப் பிடிக்கல்ல மக்கா. நீ எதுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கேக்கே?"

ஆனால் மழைக்காலம் மறுபடி வந்தபோது மேல் கலுங்கிலிருந்து கீழ் கலுங்குவரை, அதாவது ஒரு சின்னப் பாலத்திலிருந்து அடுத்த பாலம்வரை, தோட்டில் எனக்குத் தெரியாத பாறை கிடையாது. எல்லா இறக்கமும் இறங்கிவிட்டேன். உரல் ஒன்றுதான் பாக்கி.

உரல் இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தோடு வடக்கேயிருந்து தெற்கே வருகிறது. இரண்டு பெரிய பாறைகள் நெருங்கி நிற்கிற இடத்தில் தண்ணீர் முழுவதும் ஒரு வாசல் அகலத்துக்கு ஒடுங்கி, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் சறுக்கி விழும். விழுகிற இடத்தில் கிழக்குப் பக்கம் தண்ணீரே குடைந்து வைத்த வட்டக் குழி. அதுதான் உரல். அதற்குள் போனதெல்லாம் சுற்றும். தேங்காய் போனால் தேங்காய் சுற்றும், செருப்பு போனால் செருப்பு சுற்றும், நான் போனால் நான் சுற்றுவேன். சுற்றி அலுத்த பிறகு வெளியே துப்பிவிடும். மேற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு நுரையில்லாத வழவழப்பான தண்ணீர் ஓடுகிறது. அதில் ஏறிக்கொண்டால் நேரே கீழே ஆழமான கயத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அவ்வளவுதான் சூத்திரம். மேற்கே போனால் பிழைத்தோம்.

சூத்திரம் தெரிந்தும் நான் ஏன் கிழக்கே போய் விழுந்துகொண்டிருந்தேன்? மேலேயிருந்து வருகிறவளுக்கு இறக்கத்தின் விளிம்பு மட்டும்தான் தெரியும். கீழே என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டோம் என்பதெல்லாம் தெரியாது. கீழே பாறைமேல் நின்று பார்க்கிற நாத்தனார்தான் சொல்ல வேண்டும். வீடியோவில் அவர்கள் இடது வலது என்று சொல்லிக்கொள்வதைப் பார்த்து நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

முதல் தடவை உரல் என்னைத் துப்பியதும் கரையேறி இருமி முடித்து நான் கேட்டேன், "ஏட்டி, என்ன சொல்லிக் கத்தினே?"

"இடதுன்னுதானே கத்தினேன்!"

"நானும் இடதுக்குத்தானே வந்தேன்?"

"அது வலது மைனி!"

"எடது கை எது, வலது கை எதுன்னு தெரியாமலா நான் பிளவுஸ் தைக்கேன்?"

அவள் கீழே வடக்குப் பார்த்து நிற்கிறாள், நான் மேலே தெற்குப் பார்த்து வருகிறேன். அவளுடைய இடது என்னுடைய வலது. இது புரிய எங்களுக்கு அரை நாள் ஆனது. புரிந்த பிறகு நடந்தது அதைவிடக் கூத்து. அடுத்த தடவை அவள் நல்ல மனசோடு, "இனி மைனிக்க பக்கத்தையே சொல்லுவோம்," என்று முடிவு செய்து எனக்குச் சொல்ல மறந்துவிட்டாள். நானோ அவள் சொல்வதை மாற்றி எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்து அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவள் ஒரு தடவை திருப்பினாள், நான் ஒரு தடவை திருப்பினேன். மறுபடியும் உரல். கடவில் துவைப்பை நிறுத்திவிட்டார்கள். "மைனியும் நாத்தனாரும் வீட்டுச் சண்டையத் தோட்டுல கொண்டு வச்சுத் தீக்காளுவ," என்றாள் ஒருத்தி.

அதற்குப் பிறகு நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு இறங்கினோம். அப்போதும் சரிவரவில்லை. தண்ணீரின் சத்தத்தில் 'வலது' என்று காதில் விழுந்ததும் இது யாருடைய வலது என்று மனசு ஒரு தடவை நின்று யோசிக்கும். உரலுக்குமேல் யோசிக்க நேரம் கிடையாது.

படகுக்காரரின் குரல் வந்தது இந்த நிலைமையில்தான். வியாழக்கிழமை சாயங்காலம் நாத்தனார் எங்கள் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். நான் அம்மியில் மிளகாய் வைத்து அரைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு என்னவோ இடது வலதில்தான் இருந்தது. கையில் கயிறு கட்டிக்கொள்ளலாமா, வேறு வேறு நிறத்தில் வளையல் போடலாமா என்று போய்க்கொண்டிருந்தது. ஆவி முகத்தில் அடிக்கவே நான் சொன்னேன், "அந்தச் சட்டியக் கொஞ்சம் தெக்கே நீக்கி வையி."

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நகர்த்தினாள்.

"இப்ப எந்தக் கைப் பக்கம் நீக்கினே?" என்று கேட்டேன்.

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? தெக்கே நீக்கினேன்."

சொல்லிவிட்டு அவளே அகப்பையோடு அப்படியே நின்றாள். நான் அம்மிக்குழவியை விட்டுவிட்டேன். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மரச்சீனி அடிப்பிடித்தது.

எங்கள் ஊரில் யார் இடது வலது சொல்கிறார்கள்? பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம் "கொஞ்சம் மேக்கே நீங்கி இரியுங்க" என்கிறோம். என் கடையில் கை அளவெடுக்கும்போது "இங்கன கிழக்கே திரும்பு மக்கா" என்றுதான் சொல்வேன், வந்தவளும் சரியாகத் திரும்புவாள். மூக்கில் ஒட்டியிருக்கிற பருக்கையைக்கூட "வடக்குப் பக்கத்துல" என்று காட்டுகிற ஊர். இடது வலது பள்ளிக்கூடத்தில் டிரில்லுக்கு மட்டும் வந்துபோன வார்த்தை. அதைக் கொண்டுபோய், நம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற இடத்தில், வீடியோவில் பார்த்தோம் என்பதற்காக வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினால்? கிழக்கு மேற்குக்கு அவளுடையது என்னுடையது கிடையாது. ரெண்டு பேருக்கும் ஒரே மேற்குதான்.

இனி இறங்கினால் போதும். ஆனால் தண்ணீர் இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க வெயில். தோடு இளைத்து, பாறை முதுகுகள் வெளியே வந்துவிட்டன. அந்தத் தண்ணீரில் படகு உரசி நின்றுவிடும். ஜாக்கெட் தைக்கையில் நிமிஷத்துக்கு ஒரு தரம் வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தேன். சனிக்கிழமை காலையிலும் மலை கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று நின்றது. சரி, நமக்கு இவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். மத்தியானம் மலை காணாமல் போனது. எங்கள் முற்றத்தில் ஒரு சொட்டு விழவில்லை, ஆனால் வடக்கே ஒரே கறுப்பு. கொஞ்ச நேரத்தில் தோட்டின் சத்தம் மாறியது. அண்டி ஆபீசிலிருந்து நாத்தனார் வேலை உடுப்போடு ஓடி வந்தாள். "மைனி, தண்ணி வந்தாச்சு! இன்னும் இஞ்சயா நிக்கிய?"

படகை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு ரப்பர் மரங்களுக்கிடையில் மேல் கலுங்குக்கு ஏறினோம். தண்ணீர் டீ நிறத்தில் வந்துகொண்டிருந்தது. நான் நுழைந்து உட்கார்ந்து பாவாடையை இறுக்கினேன். அவள் கீழே உரல் பாறைக்குப் போக ஓடினாள். போகிற வழியில் கடவில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. நான் முதல் வளைவு திரும்பியபோது இரண்டு கரையிலும் ஆட்கள். துவைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டே வந்துவிட்டார்கள்.

மேல் பகுதி முழுக்கக் கை தன்பாட்டில் வேலை செய்தது. ஒவ்வொரு பாறையாகத் தாண்டி வந்தேன். உரலுக்குச் சற்று மேலே, தண்ணீர் ஒடுங்கத் தொடங்குகிற இடத்தில், வழக்கமாக வெளியே தெரிகிற ஒரு பாறை அன்றைக்குத் தண்ணீருக்கு அடியில் இருந்தது. படகின் மூக்கு அதில் முட்டியது. முட்டியதும் பின்பக்கத்தைத் தண்ணீர் பிடித்து இழுத்து முழுதாகத் திருப்பிவிட்டது. நான் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, உரலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

திருப்ப நேரமில்லை. எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. என் முகத்துக்கு முன்னால் மலை நிற்கிறது. கரையில் ஒருத்தி "அய்யோ!" என்று வாயைப் பொத்துவது தெரிந்தது. அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து அண்டி ஆபீஸ் குரல் வந்தது.

"மேக்கே! மேக்கே பிடியுங்க மைனி! மேக்கே!"

நான் யோசிக்கவே இல்லை. மேற்கு எங்கே இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, திரும்பி இருந்தாலும் தலைகீழாக இருந்தாலும் அது அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தண்ணீரில் துடுப்பை ஆழ ஊன்றி, படகை அதன்மேல் இழுத்தேன். இன்னொரு இழுப்பு. "இன்னும் கொஞ்சம்! போதும், போதும், விடு!" அவசரத்தில் அவள் மரியாதையை விட்டிருந்தாள். படகின் பின்பக்கம் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. நான் முன்னால் குனிந்து படகோடு ஒட்டிக்கொண்டேன். தண்ணீர் முகத்தில் மொத்தமாக அடித்து வானமும் பாறையும் ஒன்றாகக் கலங்கின. பிறகு ஒரு தூக்கு தூக்கியது.

கண்ணைத் திறந்தபோது நான் உட்கார்ந்திருந்தேன்.

முன்னால் இறக்கம் முழுவதும் தெரிந்தது. நேராக இறங்கியிருந்தால் அதைப் பார்த்திருக்க மாட்டேன். உரல் கிழக்கே, கை எட்டுகிற தூரத்தில், நுரையைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் யாருடையதோ ஒரு பிளாஸ்டிக் வாளி சுழன்றது. நான் அந்தக் குழியின் முகத்தைப் பார்த்தபடியே பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழவழப்பான தண்ணீர் என்னை மெல்ல மெல்லக் கயத்துக்குக் கொண்டுவந்து, பூ வைப்பது போல வைத்தது. துடுப்பை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. நாத்தனார் சொல்லும் வார்த்தையை எழுத முடியாது.

அவள் வேலை உடுப்போடு பாறையிலிருந்து கயத்தில் சாடினாள். நீந்தி வந்து படகின் மூக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், என் ஹெல்மெட்டில் தட்டினாள். கரையில் ஒரே கூச்சல். துவைத்த துணியை யாரோ கொடி மாதிரி ஆட்டினார்கள். ரப்பர் வெட்டுகிறவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, "தண்ணிக்கு உன்னப் பிடிச்சுப் போச்சு மக்கா!" என்றார்.

சந்தோஷம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் வழக்கு ஆரம்பித்தது.

"ஆனா பின்பக்கமால்லா வந்தா?" என்றாள் சோப்பு நீட்டியவள். "அது கணக்குல வருமா?"

"ஏன் வராது?" நாத்தனார் தண்ணீருக்குள் நின்றுகொண்டே திரும்பினாள். "எங்க மைனி என்ன சொன்னா? உக்காந்தபடி இறங்கணும்னு சொன்னா. எந்தப் பக்கம் பாத்து உக்காரணும்னு சொன்னாளா?"

"மூஞ்சி முன்னால இருக்கணும்லா?"

"மூஞ்சி முன்னாலதான் இருந்துது. படகுதான் திரும்பிட்டு."

கடவுக்காரிகள் கூடிப் பேசி, கணக்கில் வரும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நான் கயத்திலிருந்து கீழ் கலுங்குவரை மிச்சத் தோட்டையும் இறங்கினேன், இந்தத் தடவை நேராக. அவர்கள் கரையோடு கூடவே நடந்து வந்தார்கள். ஒரு கோயில் தேர் மாதிரி இருந்தது என்று சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பார்கள். இருந்தது, அதனால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை படகுக்காரர் வந்தார். தோள்பட்டை இறங்கியவரும் கூட வந்திருந்தார், கை நன்றாக ஆகியிருந்தது. இட்லியும் சாம்பாரும் கொடுத்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடித்த இடத்திலிருந்து நாத்தனார் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். படகுக்காரர் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே, "பின்னாக்கமா? உரலிலா? சேச்சியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உரல் பாறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். போனோம். அவர் ரொம்ப நேரம் விளிம்பையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க நேரா இறங்கிக் காட்டுங்க, பாப்போம்," என்றாள் நாத்தனார்.

அவர் சிரித்து, தண்ணீர் குறைந்துவிட்டது என்றார். குறைந்துதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அப்படியே திரும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஆண்பிள்ளைகளுக்குக் குலுக்குவது போல நன்றாக இறுக்கி.

படகை ஜீப்பின் கூரையில் ஏற்றி நானே கயிறு கட்டினேன். ஜீப் கிளம்பும்போது படகுக்காரர் தலையை நீட்டி, "சேச்சி, அடுத்த மழைக்கு எத்தனை படகு கொண்டுவரணும்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கடவிலிருந்து சோப்புக் கையோடு ஒருத்தி கத்தினாள், "மூணு! எனக்கும் சேத்து!"